வளைகோட்டைக் கெடுத்தவர்

தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வாய்ப்புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போனில் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்வதுதான் என் வேலை. இதற்கு முதுகலைப் பட்டம் வேறு கேட்டிருந்தார்கள். இருந்தால் பூஜ்யம், போய்விட்டால் ஒன்று. சாவை அங்கே யாரும் சாவு என்று சொல்ல மாட்டார்கள், ‘ஈவென்ட்’ என்பார்கள். ஏதோ கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பது போல இருக்கும்.

எங்கள் பேராசிரியர் நோயின் போக்கை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம், அதாவது ஒரு ‘மார்க்கரை’ப் பிடித்துவைத்திருந்தார். வெட்டியெடுத்த கட்டியிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துச் சாயம் ஏற்றுவோம். ஒரு குறிப்பிட்ட புரதம் நிறைய இருந்தால் பழுப்பாகத் தெரியும். பழுப்பு அடர்த்தியாக இருந்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஜாதகம் பார்க்கிறவர்களை முட்டாள்கள் என்று வாய் ஓயாமல் திட்டுகிறவர், தன் ஜோசியம் பலிக்க வேண்டுமே என்று தவித்த தவிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் எண் நோயாளிதான் பலிக்கவிடவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பழைய மோட்டார் சாமான் விற்கிறவர். அவருடைய சீவல் காபி டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது. நாக்கில் பாதியை எடுத்துவிட்டதால் பேச்சு குழறும் என்று அவர் போனைத் தொடுவதில்லை. அவர் மனைவிதான் எடுப்பார்.

“கீறாரும்மா. கஞ்சி குடிச்சிட்டு கடைக்குப் போய்க்கினு கீறாரு. அவருக்கு இன்னா?”

நான் பூஜ்யம் போடுவேன். பேராசிரியர் எட்டிப் பார்த்து முகம் சுளிப்பார்.

“என்னம்மா, இந்த ஆளுக்கு இன்னும் ஈவென்ட் ஆகலையா?”

பால் பாக்கெட் இன்னும் வரவில்லையா என்று கேட்கிற குரல். பேராசிரியர் மேல் எனக்கிருந்த அருவருப்பை மறைக்க இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

கட்டுரையை அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. பழுப்புக்காரர்களின் ஆயுளைக் காட்டும் வளைகோடு வழவழவென்று கீழே இறங்க வேண்டும். இந்த ஒரு மனிதரால் அது பாதியில் தொங்கிக்கொண்டு நின்றது. பேராசிரியர் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“முதல் வருஷத்தோட தொடர்பு விட்டுப்போச்சுன்னு போட்டுடு. இனிமே கூப்பிடவும் வேணாம்.”

அது பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதுதான். “சரி சார்” என்று சொல்லிவிட்டு, அப்படியே போட்டேன்.

பல மாதங்கள் கழித்துக் கட்டுரை ஏற்கப்பட்டது. அன்று மயிலாப்பூரிலிருந்து வடையும் காபியும் வரவழைத்தார்கள். விஞ்ஞானத்துக்கு நேர்மைதான் உயிர் என்று பேராசிரியர் வாய் கூசாமல் பேசினார். எல்லாரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். அப்போது என் மேஜை போன் அடித்தது.

யாரோ ஓர் ஆணின் குழறலான குரல். இரண்டாவது முறை சொன்னபோதுதான் யாரென்று புரிந்தது.

“எம்மா, நல்லா கீறியா? ஆறு மாசம் தாண்டிச்சு, போனே வர்ல. உனக்கு இன்னா ஆச்சோன்னு ஊட்ல ஒரே கவல.”

“நல்லா இருக்கேங்க” என்றேன்.

பேராசிரியர் வடையும் கையுமாகத் திரும்பினார். “யாரும்மா?”

“ராங் நம்பர் சார்” என்றேன். போனை நான் இன்னும் கீழே வைத்திருக்கவில்லை.