மார்ச் முப்பத்தொன்றும் மாரியம்மன் சாட்டும்

அரசாங்கக் கணக்கு எழுதுகிறவனுக்குப் புத்தாண்டு ஏப்ரல் முதல் தேதி. அதற்கு முந்தைய மாதம் அவன் மனிதனாக நடந்துகொள்வதில்லை என்பது என்னோடு அவதிப்படும் தோழர்களுக்குத் தெரியும்.

நாடாளுமன்றத்தில் தொடங்கினேன்

கொல்லிமலையில் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஓடையொன்றின் குறுக்கே சிறு பாலம் கட்ட மத்திய அரசுப் பணம் வந்திருந்தது. மழை பிடித்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அக்கரையோடு நின்றுவிடும். வார்டு உறுப்பினர் ராமாயி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எப்போது வேலை தொடங்கும் என்று கேட்டார். நேராகப் பதில் சொல்லிவிட்டால் படித்த படிப்பு என்னாவது? நாடாளுமன்றம் அனுமதிக்காமல் அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது என்று ஆரம்பித்து, மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்பதில் வந்து முடித்தேன்.

"இந்தக் கடைசி வரிய மொதல்லயே சொல்லியிருந்தா நாலு மணி பஸ்ஸப் புடிச்சிருப்பேனுங்க."

இரண்டு சட்டங்கள்

மார்ச்சில் பொக்லைன் போய் நின்றபோது ஊரில் மாரியம்மனுக்குச் சாட்டியிருந்தார்கள், அதாவது திருவிழாவை அறிவித்து நோன்பைத் தொடங்கியிருந்தார்கள். சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லைக்குள் மண் வெட்டக் கூடாது. அது முடிவதோ ஏப்ரலில். நான் கோப்போடு அந்த ஊருக்குப் போய், கடைசித் தேதியைத் தள்ளிவைக்க நிதியமைச்சருக்கே அதிகாரமில்லை என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கு விளக்கினேன்.

"எங்களுக்கும் அப்படித்தானுங்க. ஆனா உங்க நாடாளுமன்றம் மறுபடியும் கூடுமில்லீங்களா?"

குறுக்கு வழி

வேலை முடிந்ததாக எழுதிப் பணத்தை எடுத்து வைக்கலாம், சாட்டு முடிந்ததும் கட்டித் தருகிறேன் என்றார் ஒப்பந்தக்காரர். காலாவதியிலிருந்து தப்புவதற்காக மட்டும் பணம் எடுப்பதை நிதி விதிகள் தடுக்கின்றன என்று உட்பிரிவோடு ஒப்பித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க சார், பாலமே இல்லாம இருக்கறது எந்த விதியிலீங்க வருது?"

நேரடி ஆய்வு

பணம் திரும்பிப் போனது. மறுபடி கேட்பதற்கு இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். நான் போனதோ ஐப்பசி மழையில். செருப்பைக் கையிலும் கோப்பைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஓடையில் இறங்கியவன், நடுவில் வழுக்கி உட்கார்ந்தேன். புத்தகப் பையோடு அக்கரைக்குப் போக முடியாமல் நின்ற பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ராமாயிதான் இறங்கிவந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"தண்ணி எவ்வளவு ஆழம்னு இனி நாடாளுமன்றத்துக்கு நீங்களே சொல்லிருங்க சாமி."

பொதுப்பணத்தைக் காக்கும் சட்டங்களைக் கரைத்துக் குடித்த நான், அந்த ஆண்டு ஒரு காசுகூடத் தவறான இடத்துக்கும் போகாமல், பாலத்துக்கும் போகாமல் காத்தேன்.