ஆர்கெஸ்ட்ரா நின்ற களம்

எங்கள் ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். மாரியம்மன் பண்டிகைக்கு வருஷாவருஷம் ஓசூரிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வரும். மேடை போடுவது எங்கள் ராகிக் களத்தில். பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு வந்த இடம் அது. முதல் பாட்டுக்கு முன்னால், களம் கொடுத்தவர் என்று அவர் பெயரை மைக்கில் சொல்வார்கள்.

அப்பா தை மாதம் இறந்துபோனார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைப்பதில்லை. கம்பெனிக்குப் போகிறேன், வருகிறேன். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அதைச் சொல்லிக்கொண்டுதான் பெரியப்பா வந்தார்.

"உங்க ஊட்டுக்குத் தீட்டு. இந்த வாட்டி மைக்ல எம்பேரச் சொல்லச் சொல்லிட்டேன்."

ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஒரு தடவை அவர் பெயர் ஒலித்துவிட்டால் ஊருக்குக் களம் அவருடையது. அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆர்கெஸ்ட்ரா பேசியாகிவிட்டதென்று ஊர் வாட்ஸாப்பில் செய்தி வந்த அன்று, கம்பெனி பஸ்ஸிலேயே அந்தச் சொல்லைத் தேடிப் படித்திருந்தேன்.

"ஆர்கெஸ்ட்ரான்னா என்னா பெரியப்பா?"

"பாட்டுக்காரங்க. வேறென்ன?"

"கிரேக்கத்துல அது தரையோட பேரு. கூத்துல ஆடறதுக்கு உட்ட வட்டமான எடம். மொதல்ல கதிரடிக்கிற களமா இருந்திருக்கும்னுகூட சில பேரு சொல்றாங்க. அப்பறம் அங்க உக்காந்து வாசிச்சவங்களுக்கே அந்தப் பேரு போயிடுச்சு."

"பாடம் நடத்துதே உம்பொண்ணு!" என்று அம்மாவிடம் சிரித்தார். "அதுக்கு இப்ப என்னா கண்ணு?"

"வந்து உக்கார்றவங்களுக்குப் பேரு போயிடும். அதான். மைக்ல அம்மா பேரச் சொல்லட்டும். இல்லன்னா மேடைய வேற எடத்துல போட்டுக்கச் சொல்லுங்க."

ஊரில் அத்தனை பெரிய சமதரை வேறு கிடையாது. அது அவருக்கும் தெரியும். பஸ் நேரத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். கோபம்கூட வரவில்லை.

பண்டிகையன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். மைக்கில் பேசியவர் கன்னடம் கலந்த தமிழில் அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"நம்ம பேருதான?"

"ஆமாம்மா."

முதல் பாட்டு தெலுங்கில் ஆரம்பித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். எப்போதும் களத்தின் குறுக்கே போகிறவர், ஓரமாகச் சுற்றிப் போனார். பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பெனி பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.