இல்லவே இல்லை

அந்தப் பிள்ளை கையில் ஒரு அட்டை வைத்திருந்தது. அட்டையில் நாலு கட்டம். இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப. பிள்ளை கேள்வி கேட்கக் கேட்க, அக்கா ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தையே தொட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் மில்லுக்குப் போவேன், அவள் சமைப்பாள். இரைப்பையில் புற்று என்று சொல்லி மதுரையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அதோடு நான் மில்லை விட்டேன். கரண்டி என் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் காட்டினோம். அங்கேதான் அந்தப் பிள்ளை வந்தது. காலேஜில் படிக்கிற பிள்ளை. வயிற்றில் புற்று வந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பல நாட்டிலும் ஒரே மாதிரி கேட்டு எழுதுகிறார்களாம். ஜப்பான்காரிக்கும் இதே கேள்வி, எங்களுக்கும் இதே கேள்வி. "நீங்க சொல்றத டாக்டரும் பாப்பார். சாப்பாடு இறங்கலைன்னா குடல்ல ட்யூப் வச்சுக் கஞ்சி குடுக்க வழி இருக்கு" என்றது. எனக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. அக்காவுக்கு அப்போது ரெண்டு வாய்க்கு மேல் தங்காது. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பு.

சாப்பிடுறதுல கஷ்டம் இருக்கா? முதல் கட்டம். சாப்பிட ரொம்ப நேரம் ஆகுதா? முதல் கட்டம். மத்தவங்க முன்னாடி சாப்பிட சங்கடமா இருக்கா? அதற்கு மட்டும் அக்கா வாயைத் திறந்தாள். "நாங்க எங்க தாயி மத்தவக முன்னாடி சாப்புட்டோம்? எல்லாரும் எந்திரிச்ச பொறவுதான எங்களுக்குத் தட்டு." பிள்ளைக்கு அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

பக்கத்தில் எங்கள் மாமியார் உட்கார்ந்திருந்தார். எதிரே அக்கா வீட்டுக்காரர் நின்றார். நான் பொறுக்க மாட்டாமல், "பொய் சொல்லுதாகம்மா, எதுவும் வயித்துல தங்கல" என்றேன். பிள்ளை முகம் வாடிப்போய், "அவங்களாச் சொல்றததான்க்கா நான் குறிக்கணும்" என்றது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையிடம் சிரித்தாள். "இவ சமையலுக்கு என்ன கொறை? ஒருநா நீங்க வீட்டுக்கு வாங்க, கையை நக்கிக்கிட்டே போவீக."

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் முன்சீட்டில் தூங்கிவிட்டார்.

"ஏங்க்கா இப்பிடிப் பண்றீக?"

"நாலு பேருக்கு மத்தியில சோறு எறங்கலன்னா, வீட்டுல சோறு சரியில்லன்னுதான ஏட்டி அர்த்தம்?"

"அவுக கேட்டது வயித்தப் பத்தி. ஜப்பான்காரி சொல்லுதாள்ல?"

"அவ மாமியாளையும் புருசனையும் வெளிய அனுப்பிட்டுச் சொல்லுவா."

ரெண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் அக்காவுக்கு வலி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் பிறந்த வீடான வத்திராயிருப்புக்குப் போனவள், மாமியார் வீட்டில் புளி தூக்கலாகப் போடுகிறார்கள், வயிறு எரிகிறது என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணன்மார் உடனே கிளம்பி வந்துவிட்டார்கள். எங்க தங்கச்சிக்குச் சோறு போடத் துப்பில்லையா என்று வாசலில் நின்று சத்தம். தெருவே கூடிவிட்டது. அன்று மாமியார் அழுத அழுகையை அக்கா மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டுச் சோற்றைப் பற்றி நல்லதைத் தவிர அவள் வாயில் எதுவும் வந்ததில்லை. நோய் வந்தும் அந்த வாய் மாறவில்லை. உடம்பு இளைத்துப் போகிறதே என்று டாக்டர் கேட்டார். "நல்லாச் சாப்புடுதேன் சார்" என்றாள். புற்றுக்குப் போடுகிற ஊசி மருந்துதான் இளைக்க வைக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து அந்தப் பிள்ளை வீட்டுக்கே வந்தது. அக்காவால் பஸ் ஏற முடியாமல் போயிருந்தது. பஸ்ஸில் அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. "அத்தை, செத்த நேரம் வெளிய வாங்க" என்று மாமியாரைக் கூட்டி வந்தேன். அக்கா வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். திரும்பி உள்ளே போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தாள். அப்போதுதான் உறைத்தது. சமைக்கிறவள் நான். நான் நிற்கிறவரைக்கும் சொல்லமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு நானும் வெளியே வந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் குரல். கை தூக்க முடியாததால் அக்கா வாயால் பதில் சொன்னாள். "ரொம்ப." அடுத்த கேள்வி. "ரொம்ப." அதற்கடுத்ததும் ரொம்ப. நடுவில் அழுகை. அவள் அழுது அன்றைக்குத்தான் கேட்கிறேன். எப்படியோ சொல்லிவிட்டாள், இனிமேல் ட்யூப் வைத்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

மாமியாருக்கும் எல்லாம் கேட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி, நாம என்னட்டி கொறை வச்சோம் அவளுக்கு?"

பிள்ளை அன்றே டாக்டரிடம் பேசியது. இனி ட்யூப் வைக்க உடம்பு தாங்காது என்றார்கள். வலிக்கு மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அக்கா போய்விட்டாள்.

அவள் முதலில் தொட்டுக் காட்டியதும் எங்கேயோ ஒரு கணக்கில் சேர்ந்திருக்கும். ராஜபாளையத்துக்காரி சோறு தண்ணிக்குக் கஷ்டமில்லாமல் இருந்தாள் என்று இருக்கும். ஜப்பான்காரியை விட நன்றாக இருந்தாள் என்றுகூட யாராவது எண்ணியிருக்கலாம்.

மாமியார் இப்போதும் சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் கையை நிறுத்திவிட்டு அதையே கேட்கிறார். நாம என்ன கொறை வச்சோம்? ஒன்றும் வைக்கவில்லை என்று சொன்னால் அக்கா அழுதது பொய்யாகிவிடும். வைத்தோம் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.