ப்ரேமிலா புல்லை மூடிய வருஷம்

ஃபிஜித் தீவில் எங்கள் சவேனியில் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசல் புல்லைப் பார்த்தால் போதும். ஒட்ட வெட்டியிருந்தால் ஆள் இருக்கிறது. கணுக்கால் உயரம் வளர்ந்திருந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை. முழங்காலைத் தொட்டால் குடும்பம் சிட்னிக்கோ வான்கூவருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் முதலில் ஜன்னல் கண்ணாடி போகும், பிறகு தண்ணீர்த் தொட்டி, கடைசியாகக் கூரைத் தகரம். எண்பத்தேழில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, இந்திய வம்சாவளி ஜனங்களான எங்களைப் பயமுறுத்திய பிறகு எங்கள் சாலையிலேயே பல வீடுகள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இங்கே சனிக்கிழமை காலையில் புல் வெட்டுவது என்பது கோயிலுக்குப் போவதைவிட முக்கியம். கோயிலுக்கு வராதவனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். புல் வெட்டாதவனைப் பற்றி மத்தியானத்துக்குள் லௌடோகா டவுன் வரைக்கும் பேச்சு போய்விடும்.

ப்ரேமிலா எனக்கு எதிர் வீடு. அவள் புருஷன் சிவன் கரும்பு விவசாயி, நல்ல மனிதன். ஆனால் புல் விஷயத்தில் பைத்தியம். அவன் அப்பா காடாகக் கிடந்த இடத்தைத் திருத்தினார், மகன் அதைப் பாய் விரித்த மாதிரி வைத்திருந்தான். பிள்ளைகள் அதில் செருப்போடு நடந்தால் சத்தம் போடுவான். அவன் மாரடைப்பில் போன பிறகு கரும்பு நிலத்தின் குத்தகையும் முடிந்தது. நிலம் அதன் உடைமைக்காரர்களான ஃபிஜிப் பூர்வகுடிகளிடம் திரும்பிப் போனது. ப்ரேமிலாவுக்கு மிஞ்சியது வீடும், வீட்டைச் சுற்றிய அந்தப் புல்லும், புல் வெட்டும் இயந்திரமும்தான். அந்த இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்து அவளுக்குத் தோள்பட்டையே இறங்கிவிட்டது.

அப்போது அவள் கடற்கரை ஓட்டல் ஒன்றின் நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தாள். புயலில் மணல் அரித்துப் போகாமல் இருக்க, இந்தக் கரையிலேயே விளைகிற செடிகளை விதையிலிருந்து வளர்த்து நடுவது அவள் வேலை. இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றது, ஓட்டல்காரர்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். முதலில் அனுப்பப்பட்டவர்களில் ப்ரேமிலாவும் ஒருத்தி. ஆக்லாந்தில் இருக்கும் மகள் ஷீனல் தினமும் போனில் "வந்துடும்மா" என்று அழுதாள். ப்ரேமிலா போகமாட்டேன் என்றாள். காரணம் எல்லாம் பெரிதாகச் சொல்லவில்லை. குளிர் ஒத்துக்காது என்றாள், மருமகனுக்குப் பூண்டு வாசனை பிடிக்காது என்றாள். அவளுக்கு இந்த இடத்தைவிட்டுப் போக இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

அந்த ஜூலையில் ஒரு நாள் புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "இத்தனை வருஷம் இதுக்குச் சேவகம் பண்ணியாச்சு. ஒரு பூவாவது பூத்துச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என்னமோ நான்தான் அந்தப் புல்லை நட்ட மாதிரி.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். புல்லைக் கொத்தி எடுக்கவில்லை. கொத்தினால் மண்ணுக்குள் தூங்குகிற களை விதையெல்லாம் மேலே வந்து முளைத்துவிடுமாம். கடைகளிலிருந்து அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்து, பிரித்து, நனைத்து, புல்லின் மேல் பரப்பினாள். அதன் மேல் கரும்பின் காய்ந்த இலைச் சோகையைக் கனமாகப் போட்டாள். வெளிச்சம் இல்லாமல் புல் தானாக அழுகிச் செத்துப்போகும். மழை தொடங்குகிற நேரத்தில் மக்கிய சோகையை ஒதுக்கிவிட்டு விதைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

சோகை கொடுத்தவன் அப்பலசாமி. எங்கள் சாலையின் கடைசி வீடு அவனுடையது. சிவனுக்கு உயிர்ச் சிநேகிதன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வருஷம் அவன் கரும்பைக் கொளுத்தாமல் பச்சையாகவே வெட்டினான், அதனால் வயலில் சோகை மலையாகக் கிடந்தது. டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியபோது அவன் கேட்டான்:

"என்னா ப்ரேமிலா, புல்லெல்லாம் மூடுறியே? எப்போ டிக்கெட்?"

"டிக்கெட்டும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. பூச்செடி போடப்போறேன். அடும்பு, விராலி, நம்ம பீச்சில இருக்கே, அதெல்லாம்."

அப்பலசாமி சிரித்தான். "சரி சரி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் எங்கள் ஜனங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். வெளிநாடு போகிறவர்கள் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டு விசா நின்றுவிடும் என்று பயம். கடைசி நாள் வரை "எங்க போறது, யார் கூப்பிடறா?" என்பார்கள். பெட்டி கட்டிக்கொண்டே சொல்வார்கள். அதனால் ஒருவர் போகவில்லை என்று எவ்வளவு அடித்துச் சொல்கிறாரோ, அவ்வளவு நிச்சயமாக அவருக்கு விசா வந்துவிட்டது என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். ப்ரேமிலாவோ தொண்டை கிழிய, பார்க்கிறவர்களிடமெல்லாம் போகவில்லை என்று சொன்னாள்.

பாவம். வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலாவது, நிஜமாகவே போகிறாளா என்று சிலர் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

முதல் வாரமே ஃப்ரிட்ஜை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. திறந்து பார்த்து, உள்ளே இருந்த ரசத்தை முகர்ந்துவிட்டு, "நல்லா ஓடுதா?" என்று கேட்டார்கள். தையல் மெஷினுக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நவுவாவிலிருந்து அவள் நாத்தனார் கம்லா பஸ் ஏறி வந்து, "சொந்தக்காரி என்கிட்ட மறைக்கலாமா?" என்று ஒப்பாரி வைத்துவிட்டு, போகும்போது இரண்டு பித்தளைக் குடங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே குளிருமே என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டு வந்து கொடுத்தாள். சவேனி வெயிலில் ப்ரேமிலா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அப்பலசாமி தன் வீட்டில் அவளுக்கு வழியனுப்பு விருந்து வைத்தான். சாலை முழுக்கக் கூப்பிட்டிருந்தான். நானும் போனேன், வாத்துக்கறி பிரமாதம். ப்ரேமிலா வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவன் மனைவி மோகினி போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சாப்பாடு முடிந்து மாலை போடும் நேரத்தில் அப்பலசாமி பேச எழுந்தான். சிவனைப் பற்றி ஆரம்பித்தான், ஆலைக்குக் கரும்பு ஏற்றிய நாட்களைப் பற்றிச் சொன்னான், பிறகு ஒன்றும் சொல்ல வராமல் தேம்பித் தேம்பி அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுததைப் பார்த்து எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மாலையும் கழுத்துமாக நின்ற ப்ரேமிலாதான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நான் எங்கேயும் போகலண்ணா" என்றாள். அவன் இன்னும் சத்தமாக அழுதான்.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் பேச்சு ஜோசுவாவின் காதுக்கும் போய்விட்டது.

எங்கள் சாலையில் இருக்கும் வீடெல்லாம் ஃபிஜியின் பூர்வகுடியான ஜோசுவாவின் குலத்துக்குச் சொந்தமான நிலத்தில்தான் நிற்கின்றன. நாங்கள் அவரைத் துரங்கா என்போம். பெரியவரே என்கிற மாதிரி. ப்ரேமிலாவின் வீட்டுமனைக் குத்தகை அந்த வருஷக் கடைசியில் முடிகிறது. காகிதம் எல்லாம் ஆபீஸில் நடக்கும், ஆனால் ஜோசுவா தலையாட்டினால்தான் காகிதம் நகரும். நவம்பர் தொடக்கத்தில் அவர் நடந்தே வந்தார். பழுப்பாகக் கிடந்த வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். டீ குடித்தார். தன் தங்கை மகன் தலைநகர் சுவாவில் வேலை இழந்து, பெண்டாட்டி பிள்ளையோடு திரும்பி வந்திருக்கிறான், அவனுக்கு இடம் வேண்டும் என்றார்.

"நீதான் போறியாமே. அப்ப இதை அவனுக்குக் குடுத்துடறேன்."

"நான் போகல துரங்கா. இங்க பாருங்க, விதை வெச்சிருக்கேன்."

"அப்பலசாமி சொன்னானே." கோபம் இல்லாமல்தான் சொன்னார். டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்கு ப்ரேமிலா உண்மையிலேயே பயந்துவிட்டாள். வீடு போனால் ஆக்லாந்துதான், வேறு போக்கிடம் இல்லை. போகமாட்டேன் என்று சொன்னவளை ஊரே சேர்ந்து பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஆகிவிட்டது. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று விதைப்பில் இறங்கினாள். கடற்கரையில் பொறுக்கிய அடும்பு விதை கல் மாதிரி இருக்கும். அதைச் சிமெண்டுப் படியில் ஒரு பக்கமாகத் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போடுவாள். உப்பின விதை மண்ணுக்குப் போகும், உப்பாத விதை மறுபடி படிக்குப் போகும். மஞ்சள் பூப் பூக்கிற கடற்கரைப் பயற்றுக்கும் அதே வைத்தியம். விராலி விதைமேல் கொதிக்கிற தண்ணீரையே ஊற்றினாள். எனக்கு அது கொலை மாதிரித் தெரிந்தது. எல்லாவற்றையும் மணலில் கலந்து, மக்கிய சோகையை வாரி ஒதுக்கிய மண்ணில் தூவி, காலால் மிதித்து அமுக்கினாள்.

மழை வந்தது. முதலில் கோரைதான் முளைத்தது. அவள் தினமும் குந்தி உட்கார்ந்து பிடுங்கினாள். பிறகு அடும்பு, நடுவில் பிளந்த இலையோடு அங்கங்கே தலைகாட்டியது. விராலி தீக்குச்சி உயரம் வந்தது. கிறிஸ்துமஸ் கழிந்தபோது வாசல் பாதி மண்ணும் பாதிப் பச்சையுமாக, சொறி பிடித்த நாயைப் போல இருந்தது. சிவன் இருந்திருந்தால் எங்களையெல்லாம் வெட்டியிருப்பான். பயறு மட்டும் ஒரு மூலையில் கொத்தாகப் பூத்தது. அந்த அழகுக்காகவா இந்தப் பாடு என்று எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அப்பலசாமி புல் வெட்டினான். வேலி ஓரம்கூட விடாமல், கத்தியால் செதுக்கி, கூட்டிப் பெருக்கிவைத்தான். திங்கட்கிழமை அவன் வீட்டில் யாரும் இல்லை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் கனடா. விசா ஜூனிலேயே வந்துவிட்டதாம்.

சாலை முழுக்கத் திட்டித் தீர்த்தது. ப்ரேமிலா திட்டவில்லை. அவன் வாசலில் போய் நின்றாள். அந்தப் புல் அப்போதும் ஒட்ட வெட்டினபடியே இருந்தது. "அன்னிக்குச் சாப்பாடு போட்டு அழுதாரே, அது எனக்கு இல்லண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவள் வாய்விட்டு அழுதாள். தனக்கு நடக்கவேண்டிய விருந்தை அவன் அவளைச் சாக்காக வைத்து நடத்திக்கொண்டு போயிருக்கிறான். எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் தீரவில்லை.

குத்தகை முடிந்தும் காகிதம் நகராமல் கிடந்ததால், அந்த வாரமே ப்ரேமிலா என்னைக் கூட்டிக்கொண்டு ஜோசுவாவின் கிராமத்துக்குப் போனாள். முறைப்படி ஒரு கட்டு யங்கோனா வேரை முன்னால் வைத்து, வந்த காரியத்தை நான் சொன்னேன். அவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். உலர்ந்த வேரை இடித்துக் கரைத்தார்கள், சிரட்டையில் ஆளுக்கு ஒரு முறை குடிக்க வந்தது. பிறகு ஜோசுவா எங்கள் ஃபிஜி இந்தியில் பேசினார், அர்த்தம் இதுதான்:

"அப்பலசாமி வெள்ளிக்கிழமை இங்கதான் உக்காந்து குடிச்சான். நீ உக்காந்திருக்கிற அதே பாயில. அவன் அப்பனும் என் அப்பனும் ஒண்ணா மீன் பிடிச்சவங்க. திங்கக்கிழமை பஸ் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எண்பத்தேழுலேந்து இப்படித்தான். ஒருத்தரும் சொல்றதில்ல. நாங்க என்ன, பிடிச்சுக் கட்டியா வெச்சுடுவோம்?"

எங்களைத் துரத்தினவர்கள் அவர் ஜனங்கள்தான் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

"தங்கச்சி மகன் அப்பலசாமி வீட்டுக்குப் போகட்டும்" என்றார். பிறகு ப்ரேமிலாவைப் பார்த்தார். "உன் இடம் உன்கிட்ட இருக்கட்டும். ஆனா ஒண்ணு. நீ போறதா இருந்தா, என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போகணும்."

"நான் போகலைன்னு..." என்று ஆரம்பித்தாள்.

"அதைத்தான் எல்லாரும் சொன்னாங்க."

ஆறு மாதமாக ப்ரேமிலா ஊரெல்லாம் சொன்ன வார்த்தை, இந்த மனிதரிடமும் செல்லவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"போனா, முதல்ல உங்ககிட்ட வந்து சொல்றேன் துரங்கா" என்றாள்.

ஒருநாள் தானும் போகக்கூடும் என்று அவள் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். ஜோசுவா தலையாட்டினார்.