சாவி கொடுத்த கை

என் அக்கா எலிசாவின் கணவர் ரசலையனை ஓர் இடத்தில் உட்கார வைக்க யாராலும் ஆகாது. சாப்பாட்டின் நடுவில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருவார். ஆலயத்தில் பிரசங்கம் தொடங்கியதும் அவர் தொடை ஆடத் தொடங்கும். பெஞ்சும் சேர்ந்து ஆடும். அந்தப் பெஞ்சில் இருக்கிற பாவத்துக்கு நாங்களும் ஆடிக்கொண்டே வசனம் கேட்போம். குளச்சலில் ஒரு கயிறு கம்பெனியில் அவருக்குக் குமாஸ்தா வேலை. இரணியல் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவார். ஊரில் அவருக்கு வாச்சு ரசலையன் என்று பெயர்.

அந்தப் பெயர் வந்தது சுதந்திரம் கிடைத்த வருஷத்தில். குளச்சலில் சரக்கு ஏற்ற வந்த கப்பலில் ஒரு மாலுமி தன் கைக்கடிகாரத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தான். அத்தான் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல வாச்சு. ஒரு மனிதனுக்கு ஒன்று போதும். ஆனால் அடுத்த வாரமே இன்னொருவர் கையில் ஓர் ஒமேகாவைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து போனது நிம்மதி. வால்தம் சங்கிலி வாச்சு, வெஸ்ட் எண்ட், மூடி போட்டது, மூடி இல்லாதது என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பழைய பிஸ்கட் டின்னில் இலவம்பஞ்சு பரப்பி அவற்றைப் படுக்க வைத்திருப்பார். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் எல்லாவற்றையும் கட்டிலில் வரிசையாக வைத்துச் சாவி கொடுப்பார்.

"பிள்ளையளுக்குத் தலை சீவி விட இந்த வீட்டில ஆளில்ல. வாச்சுக்குச் சாவி கொடுக்க மட்டும் விடியுமுன்னே ஆளுண்டு," என்று அக்கா அடுக்களையிலிருந்து சொல்வாள். அவர் காதில் அது விழாது.

இதில் எனக்கு எரிச்சல் தருவது என்னவென்றால், வாங்கின எதிலும் அவருக்கு ஆசை நிற்காது. கிடைக்கும்வரை தூக்கம் வராது. கிடைத்து ஒரு வாரம் ஆனால் அதை டின்னில் போட்டுவிட்டோ, கைமாற்றிவிட்டோ வேறொன்றுக்கு அலைவார். கைக்கு வராத வாச்சுதான் அவருக்கு நல்ல வாச்சு. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கும் வருஷம் தவறாமல் போவார். சனமெல்லாம் அம்மனைப் பார்க்கப் போகும், இவர் வருகிறவர்களின் மணிக்கட்டைப் பார்க்கப் போவார். எங்கள் சபை உபதேசியார் கூப்பிட்டுக் கண்டித்ததற்கு, "நான் நேரம் பாக்கத்தான் போனேன் ஐயா," என்றார். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது?

இப்படி அலைந்த மனிதரை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்டது ஒரே ஒரு கடிகாரம். அது யேசுரத்தினம் மாமாவுடையது.

யேசுரத்தினம் மாமா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், இலையைத் தூளாக்கும் ஆலைக்குப் பொறுப்பான டீ மேக்கராக இருந்து ஊர் திரும்பியவர். அத்தானுக்குத் தூரத்துச் சொந்தம். அவர் அங்கிருந்து கொண்டுவந்தது தங்க மூடி போட்ட ஒரு சங்கிலி வாச்சு. மற்ற வாச்சுகளைப்போல் தினமும் சாவி கொடுக்க வேண்டாம். ஒரு தடவை முழுக்கச் சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். மூடியைத் திறந்தால் முகப்பில் கீழே ஒரு சின்ன வட்டம் வெட்டியிருக்கும். அதற்குள் ஒரு சக்கரம் அப்படியும் இப்படியும் திரும்பிக்கொண்டிருப்பது தெரியும். தோட்டத்தில் ஒருநாள் படிக்கட்டில் விழுந்ததிலிருந்து அதன் சத்தம் மட்டும் கொஞ்சம் நொண்டும். ஒரு தட்டு அழுத்தமாகவும், அடுத்தது தயங்கியும் கேட்கும். நேரம் தவறாது.

மாமாவுக்குக் கை நடுக்கம் வந்தபின் அதற்குச் சாவி கொடுக்க முடியவில்லை. அந்த வேலையை அத்தான் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போவார். மாமாவின் மனைவி நேசம்மாள் மாமி கட்டன்காப்பி கொண்டு வைப்பாள். அத்தான் வாச்சை வாங்கி, மூடி திறந்து, சாவி கொடுத்துவிட்டு அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மாமி அந்தப் பக்கம் போயிருந்தபோது மாமா சொன்னாராம்: "எனக்க காலம் கழிஞ்சா இது உனக்குத்தான் மக்கா."

அன்று வீட்டுக்கு வந்த அத்தான் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். என்ன விஷயம் என்று அக்கா கேட்டதற்குச் சொல்லவில்லை. ஒரு மனிதர் சாகவேண்டும் என்று நினைக்கவும் முடியாது, நினைக்காமல் இருக்கவும் முடியாது. அவர் பட்ட பாடு அது.

ஐம்பத்திரண்டில் மாமா காய்ச்சலில் படுத்தார். கம்பெனி வேலையாக அத்தான் திருவனந்தபுரம் போயிருந்ததால் அந்த ஞாயிறு சாவி கொடுக்க ஆளில்லை. அவர் திரும்பி வந்த அன்று மாமா போய்விட்டார். வாச்சும் நின்றிருந்தது.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டு அடக்கம் செய்வது உண்டு. மாமி தானே கோட்டை எடுத்துத் தட்டி, மடிப்பு நீவிப் போட்டுவிட்டாள். அதன் பையில் வாச்சையும் வைத்தே அடக்கம் செய்யவேண்டும் என்றும் சொன்னாள். கூடியிருந்தவர்களுக்கு அது சரியாகவே பட்டது. அந்த வாச்சு இல்லாமல் மாமாவை யாரும் பார்த்ததில்லை. அத்தானுக்கு மட்டும் முகம் வெளுத்துப் போனது. மாமா சொன்ன வார்த்தைக்கு வேறு சாட்சி கிடையாது. சாவு வீட்டில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அது எனக்குத் தருவதாகச் சொன்னது என்று எப்படிக் கேட்பது? இதற்காகத்தான் ஞாயிறுதோறும் வந்தானா என்று ஊர் சிரிக்காதா?

மாமி வாச்சைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "நின்னு கிடக்கு மக்கா. நீதானே வழக்கமா கொடுப்ப. உள்ள கொண்டு போய்ச் சாவி கொடுத்துக் கொண்டு வா." பிறகு போகாமல் நின்றாள். "என்னமும் சொல்லணுமா மக்கா?"

"இல்ல மாமி," என்றார் அத்தான்.

உள்ளே நெல்லுப்பெட்டி இருந்த அறையில் என்ன நடந்தது என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். சாவி கொடுத்ததும் சக்கரம் ஆடத் தொடங்கியது. இதை மண்ணுக்குள்ளே போட்டு மூடப் போகிறார்கள், அங்கேயும் எட்டு நாள் யாருமில்லாமல் ஓடும் என்று நினைத்தாராம். அவர் சட்டைப் பையில் வால்தம் இருந்தது. அதற்கும் தங்க நிற மூடி, ஏறக்குறைய அதே பருமன். சங்கிலியைக் கழற்றி வால்தமில் மாட்டினார். "நான் நினைச்சுச் செய்யல. கைதான் செஞ்சுது," என்றார். அகப்பட்ட எந்தக் கள்ளனும் கையைத்தான் காட்டிக்கொடுப்பான். அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

வெளியே வந்து, மூடியைத் திறக்காமல், வால்தமைக் கோட்டின் மார்புப் பையில் வைத்தார். ஜெபம் முடிந்தது. பெட்டியை மூடுமுன் கடைசி முத்தம் கொடுக்க மாமி குனிந்தாள். குனிந்தவள் மாமாவின் மார்பில் காதை வைத்தபடி அப்படியே கிடந்தாள். அழுகிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவள் எழுந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடினாள். அத்தானைப் பார்த்தாள். பிறகு, "மூடுங்க," என்றாள்.

அந்த எட்டு நாளும் அத்தான் வீட்டில் தங்கவில்லை. துணியில் சுற்றி மச்சில் தேங்காய்க்கு நடுவே ஒளித்து வைத்திருந்த வாச்சின் சத்தம், அவருக்கு முற்றம்வரை கேட்டதாம். எங்கள் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நின்றபிறகு அதற்குச் சாவி கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வாச்சு வைத்திருப்பவனுக்குப் பாதிச் சந்தோஷம் அதை நாலு பேருக்குக் காட்டுவதில்தான். இதைக் காட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆசைப்பட்டதிலேயே பெரியது கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிஸ்கட் டின்னில் அதற்கு இடமில்லை.

அதன்பிறகு மாமி வீட்டுத் தெருவை விட்டுவிட்டு, குளத்தைச் சுற்றிப்போகும் நெடும்பாதையில் சைக்கிளில் போகத் தொடங்கினார். ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்கு மாறினார். அங்கேயும் பெஞ்சு ஆடியது. புதுப்புது வாச்சுகள் முன்னைவிட வேகமாக வந்தன, போயின. சிலவற்றின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மாமி அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "உனக்க மாப்பிள்ள இப்பம் வாறதே இல்லியே. ஞாயிற்றுக்கிழமை காப்பி போட்டு வைக்கேன்," என்பாள். அதை அக்கா வந்து சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஐம்பத்தாறில், கன்னியாகுமரிப் பக்கமெல்லாம் மெட்ராசோடு சேரப் போகிறது என்று எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்த நாட்களில், நேசம்மாள் மாமி படுக்கையில் விழுந்தாள். ரசலையனை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். தனியாகப் போக மாட்டேன் என்று அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மாமி பாதியாகிப் போயிருந்தாள். குரல் மட்டும் பழையபடி இருந்தது.

"இரி மக்கா."

அத்தான் உட்காரவில்லை. கட்டில் காலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"அவருக்க பக்கத்தில எத்தன வருசம் படுத்தவ நான். தோட்டத்தில இருக்கும்போதும் அந்தச் சத்தம், இஞ்ச வந்த பொறவும் அந்தச் சத்தம். நொண்டி நொண்டிப் போவும். அன்னைக்கு நெஞ்சில காத வச்சேன். சத்தம் நொண்டல."

அத்தான் நின்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரியத் தொடங்கியது.

"மாமி, அது... மாமா எனக்குத் தாறேன்னு..."

"எனக்கிட்டயும் சொன்னாரு. ரசலையன் வாயத் திறந்து கேட்டா கொடுத்துரு, கேக்கலேன்னா எனக்க கூட வச்சிருன்னாரு. உனக்க கையில எதுக்குத் தந்தேன்? என்னமும் சொல்லணுமான்னு எதுக்குக் கேட்டேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா உனக்குள்ளது மக்கா. எல்லாருக்க முன்னாலயும் உனக்க சட்டையில மாட்டி விட்டிருப்பேன்."

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். தன்னுடையதையே திருடியிருக்கிறார். அதை நாலு வருஷம் ஒளித்து வைத்து, அதற்குப் பயந்து ஊரைச் சுற்றிச் சைக்கிள் மிதித்திருக்கிறார். இவரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை.

"கொண்டு வாறேன் மாமி. இப்பமே கொண்டு வாறேன்."

"இப்பம் வேண்டாம். எனக்க பெட்டியில வை. நீயே வைக்கணும். சாவி கொடுத்து வை. சத்தமில்லாம எனக்கு உறக்கம் வராது."

மாமி அந்த மாதமே போனாள். அத்தான் மச்சில் ஏறி, துணியைப் பிரித்து, வாச்சை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை உள்ளறைக்குப் போகவில்லை. எல்லோரும் பார்க்க, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சாவி கொடுத்தார். இது யேசுரத்தினத்தோடு போன வாச்சு அல்லவா என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உபதேசியார் வாயைத் திறந்தார். "நான்தான் எடுத்தேன். அன்னைக்கு மாத்தி வச்சேன்," என்றார் அத்தான், யாரும் கேட்பதற்கு முன்பே.

சக்கரம் அசையவில்லை. நாலு வருஷம் நின்று கிடந்த வாச்சு. காதில் வைத்துப் பார்த்தார், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார், மெல்ல ஆட்டினார். அவர் கண்ணீர் அதன் கண்ணாடியில் விழுந்தது. எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் ஒரு தட்டு கேட்டது, பிறகு தயங்கி இன்னொன்று. அவர் மாமியின் தலைமாட்டில், காதுக்குப் பக்கமாக அதை வைத்துவிட்டு விலகி நின்றார்.

மறுநாள் வேலை முடிந்து அத்தான் வீட்டுக்கு வரவில்லை. அவரைத் தேடிவர அக்கா என்னை அனுப்பினாள், பொறுக்காமல் அவளும் பின்னாலேயே வந்தாள். கல்லறைத் தோட்டத்தில், புதுமண்ணுக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலைப் பார்த்தேன். ஆடவில்லை.

"இஞ்ச இருந்து என்ன செய்யுதிய? வீட்டுக்கு வாங்க," என்றாள் அக்கா.

"மாமிக்க வாச்சு ஓடுகுது ஏட்டி," என்றார் அத்தான். "எட்டு நாளும் வந்து இருக்கணும். இன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாறேன்."