பதினொரு டப்பாவும் அத்தையும்

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு மாதத்துக்காகத்தான். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, தம்பிக்கு இரண்டு. அப்பாவின் ஒரே தங்கை அவள். முப்பத்தொரு வயதில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, "ஒரு மாசம் இருந்து புள்ளைங்களத் தேத்திட்டுக் கிளம்பறேன்" என்றாளாம். முப்பத்து நான்கு வருஷம் இருந்தாள். போன மாதம் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது, காகிதம்கூடப் பிரிக்காமல். ஊருக்குத் திரும்பும்போது போட்டுக்கொள்ள வாங்கியிருப்பாள் போலிருக்கிறது.

அவளுக்கு எதையும் தூக்கி எறியத் தெரியாது. படுக்கை விரிப்பு நடுவில் நைந்துபோனால் நீளவாக்கில் இரண்டாக வெட்டுவாள். நையாத ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கங்களை ஓரமாக்கி மடித்துத் தைப்பாள். அந்த விரிப்பு இன்னும் நாலு வருஷம் ஓடும். நடுவில் ஓடும் தையல்தான் எனக்கும் தம்பிக்கும் எல்லைக் கோடு. அவன் கால் தாண்டி வந்தால் நான் கத்துவேன். அத்தை கூடத்திலிருந்தே, "கோட்டப் பிரிச்சு ரெண்டு பேரையும் சேத்து வச்சுத் தைச்சிடுவேன், தூங்குங்க" என்பாள்.

அடுக்களையில் பதினொரு தகர டப்பாக்கள். எல்லாம் ஒரே பேக்கரியில் வாங்கிய சதுர பிஸ்கட் டப்பாக்கள். ஒரே உயரம், ஒரே நிறம். ஒன்றிலும் பெயர் கிடையாது. மூலை நசுங்கியது உப்பு. மூடி இறுக்கமாக இருப்பது சர்க்கரை. பக்கவாட்டில் பள்ளம் விழுந்தது மைதா. அடியில் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருப்பது அப்பாவின் சட்டைக்குப் போடும் கஞ்சி மாவு. இந்த அடையாளமெல்லாம் அப்போது அத்தையின் கைக்கு மட்டும்தான் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கை பின்னால் போகும், தடவும், எடுக்கும். நாங்கள் யாராவது காப்பி போடப் போனால் முதலில் கேட்க வேண்டியது அவளைத்தான். குளித்துக்கொண்டிருந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "ரெண்டாவது தட்டு, சன்னல் பக்கம், மூடி இறுக்கமா இருக்கும். நெகத்தால நெம்பாத, ஸ்பூனால நெம்பு."

"மேனேஜர் லீவு போட்டா இந்த வீட்ல தண்ணிகூடக் கொதிக்காது" என்பான் தம்பி.

"லீவா? எந்தக் கடையில விக்கறாங்க?" என்பாள் அத்தை.

சென்ற வருஷக் கடைசியில் ஒரு காலை, விரிப்பைப் பிழியும்போது வாளியோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பத்து நாள் ஆஸ்பத்திரி. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். "இவங்க அடுப்படியில நிக்கவே கூடாது. நீங்க நிக்க விட்டா அதிக நாள் தாங்காது." என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

என்னால் இன்னொரு அம்மாவை இழக்க முடியாது. அம்மா என்றுதான் எழுத வருகிறது, இருக்கட்டும். அத்தை வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும் என்று தெரியும். நாளுக்கு இருபது தரம் "அத்தை, எது எங்க இருக்கு?" என்போம், இருபது தரம் எழுந்து வருவாள். அதனால் அவள் வருவதற்கு முந்தைய நாள் டப்பாக்களை வரிசையாக இறக்கி வைத்தேன். நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். பெயர் எழுதி ஒட்டுவதில் கை தேர்ந்தவள். கடைசியில் வெள்ளை மாவு இரண்டு டப்பா மிஞ்சியது. அப்பா இரண்டிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் மாவுதான்."

"அது தெரியுதுப்பா. எது எது?"

"உங்க அத்தையக் கேளு."

அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதானே விஷயம். நானே குத்துமதிப்பாக ஒன்றில் மைதா என்றும் மற்றதில் கஞ்சி மாவு என்றும் ஒட்டினேன்.

அத்தை வந்தாள். அடுக்களை வாசலில் நின்று ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். நிதானமாக, உதடு அசைய.

"கையெழுத்து நல்லாருக்கு" என்றாள். "இனிமே யாரு வேணா சமைக்கலாம்."

"அதுக்குத்தான் அத்தை. நீ படுத்துக்கோ."

போய்ப் படுத்தாள். எனக்குத் தெரிந்து அவள் பகலில் படுத்தது அன்றுதான். அதன் பிறகு தினமும் படுத்தாள். நானும் தம்பியும் முறை வைத்துச் சமைத்தோம். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மருந்தைக் கொடுத்தோம், ராத்திரிக்கு மைதா கரைத்துவிட்ட சூப் கொடுத்தோம், "எழுந்திருக்காத" என்றோம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் இஸ்திரிக்காரர் அப்பாவின் சட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இதத் தேய்க்கக் குடுத்தீங்களா, சுடக் குடுத்தீங்களா?"

"என்னாச்சுங்க?"

"பெட்டியில ஒட்டுது. மாவு கருகற வாசன வருது. என் கடையத் தாண்டிப் போறவன் தின்ன என்ன இருக்குன்னு கேக்கறான். போன வாரம் குடுத்த சட்டையப் பாருங்க, கழுத்துப்பட்டிய கரப்பான் அரிச்சிருக்கு. ஐயா இதப் போட்டுக்கிட்டா நடக்கறாரு?"

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறாள் என்று பயந்து ஓடினேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி, விரிப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சட்டைக்கு மைதாவப் போட்டிருக்க. கஞ்சி மாவ சூப்புல போட்டிருக்க" என்றாள். "அதான் உங்கப்பா கொஞ்ச நாளா நிமிர்ந்து நடக்கறாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. கரண்டிய எடுத்தா நூலு நூலா இழுக்குதே. மைதா அப்படி இழுக்காது."

"மூணு வாரமா அதையே குடிச்சியே அத்தை? சொல்லக் கூடாதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. விரிப்பின் நடுத்தையலை நகத்தால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"கிழங்கு மாவுதான், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. பண்றதா இருந்தா சொல்லியிருப்பேன்." நகம் தையலின் முனைக்குப் போனதும், "யாரும் கேக்கலயேம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அவ்வளவு அலுப்பை அவள் குரலில் நான் அதற்கு முன் கேட்டதில்லை, வாளியோடு சரிந்த அன்றுகூட.

அன்று சாயங்காலமே சீட்டுகளைக் கிழித்துவிடலாம் என்று போனேன். "கிழிக்காத, பசை தகரத்துல நிக்கும்" என்று அறையிலிருந்து சொன்னாள். அந்த இரண்டை மட்டும் மாற்றி ஒட்டினேன். ஆனால் மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். தெரிந்ததையே கேட்டேன். "அத்தை, சர்க்கரை எது?" "அத்தை, அடுப்பக் குறைக்கவா?" "அத்தை, உப்பு போதுமா?" கிண்ணத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோவேன். ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "போதும்" என்பாள், அல்லது "ஒரு சிட்டிகை" என்பாள். நான் நடிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள், "டப்பாவுல பெருசா உப்புன்னு எழுதி ஒட்டிட்டு, எது உப்புங்கறா. படிச்ச புள்ள" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது தலையணையை நிமிர்த்தி, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்படி ஏழு வாரம். ஓர் அதிகாலை, நான் மருந்தோடு போனபோது எழுந்திருக்கவில்லை.

கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா, முதல் நாளே கேட்டிருந்தால் இருந்திருப்பாளா, தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். இந்த மாதிரி இதயத்துக்கு மூன்று மாதமே அதிகம் என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று பட்டது. அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லை.

சமையல் இப்போது என்னுடையது. பழக்கம் விடவில்லை. இன்று சூப்பைக் கலக்கிக்கொண்டே, "அத்தை, உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

கூடத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது.

"போதும்மா" என்றார் அப்பா. அவர் இன்னும் ருசி பார்த்திருக்கவில்லை.