பதினேழாம் எண் ஏன் திரும்பிப் போகிறது

அலுவலகத்தில் அவளுக்கு ‘உளவுத்துறை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. யார், எந்த நொடியில், எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற பதிவுகளைப் படித்து, திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடப் பழக்கம். வீட்டில் கணவர் ஃபிரிட்ஜை இரண்டு முறை திறந்து மூடினால்கூட, “என்ன தேடுறீங்க?” என்பாள். “என்னையாவது விட்டுவை தாயே” என்று கும்பிடுவார் அவர்.

அந்த வாரம் வந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மருத்துவமனை மேலாளர், வரவேற்பில் நோயாளிகளைப் பதிவு செய்பவர்களில் யார் மந்தம் என்று பட்டியல் கேட்டார். கடைசியில் நிற்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மென்பொருளைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. மனிதரைக் குறை சொல்ல மட்டும் நாக்கு கூசாது. முணுமுணுத்துக்கொண்டே திங்களன்று பட்டியலை அனுப்பிவிட்டாள்.

கடைசியில் நின்றது பதினேழாம் எண் ஊழியர், ஒரு அம்மாள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம், இந்த அம்மாளுக்கு ஐந்து. இரண்டாம் பக்கத்தில் முகவரியை நிரப்பியதும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறார். மறதி என்றால் எப்போதாவது போவார், ஒவ்வொரு நோயாளிக்குமா? உறுத்தல் தாங்காமல் புதனன்று அவளே செய்து பார்த்தாள். முதல் பக்கத்தில் ‘மருந்து ஒவ்வாமை: உண்டு’ என்று குறித்தாள். முகவரியை நிரப்பினாள். திரும்பிப் போனால், ‘இல்லை’ என்று இருந்தது. இன்னொரு முறை செய்தாள்; மறுபடியும் ‘இல்லை’. மூன்று மாதமாக ஓடும் திரை. வேகக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

தலைமை மருத்துவரிடம் சொல்லித் திரையை நிறுத்த வைத்தாள். அடுத்து அந்த அம்மாளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள், “மன்னிச்சிடுங்க மேடம்” என்று தொடங்கிவிட்டார். “அது தானா மாறுதுன்னு சொன்னேன். உங்க கைதான் தப்புன்னு மேனேஜர் திட்டிட்டார். நேத்துலேர்ந்து திரும்பியே பார்க்கிறதில்ல. இப்ப நானும் ரெண்டே நிமிஷந்தான்.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க கை சரிதாம்மா. திரைதான் தப்பு. அந்தப் பட்டியலை அனுப்பினதும் நான்தான்.”

திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று காத்திருந்தாள்.

“அப்ப இந்த மூணு மாசத்து ஆளுங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்கணுமே மேடம்” என்றார் அந்த அம்மாள். “நான் கேட்கிறேன். ஆனா மெதுவாத்தான் கேட்பேன். மேனேஜர்கிட்ட சொல்லி வைங்க.”